பத்துக் காசும் தொண்ணூறு காசும்: அமெரிக்கப் பள்ளிகளின் தொலைத்தொடர்பு நிதியும் விலைப்போட்டி விதிகளும்

பிறர் பணத்தில் பொருள் வாங்குவோர் விலையில் கருத்தூன்றுவது அரிது. “ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே” என்னும் பழமொழி இந்த இயல்பைச் சுட்டி எழுந்ததே. ஒரு வெள்ளி மதிப்புள்ள பொருளுக்குப் பொது நிதி 90 காசும் பள்ளிக்கூடம் 10 காசும் கொடுப்பதாயின், அப்பள்ளி விலை பேசி வாங்குமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிகளுக்கும் நூல்நிலையங்களுக்கும் தொலைத்தொடர்பு வசதி அளிக்கும் ‘ஈ-ரேட்’ திட்டத்தின் விதிகள் யாவும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வளர்ந்தவை. கல்விப் பணத்தைக் காப்பதற்கு இட்ட வேலி, கல்விக்கே தடையாகிவிடாமல் பார்த்துக்கொள்வது எத்துணைக் கடினம் என்பதை அவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

திட்டம் பிறந்த வகை

நாட்டு மக்கள் அனைவருக்கும், இயன்ற வரையில், நியாயமான கட்டணத்தில் தொடர்பு வசதி கிட்ட வேண்டும் என்னும் கொள்கையை 1934 ஆம் ஆண்டுத் தொடர்புச் சட்டம் அமெரிக்காவில் நிலைநாட்டியது. கூட்டரசுத் தொடர்புத்துறை ஆணையமும் அச்சட்டத்தின் வழியே தோன்றியதாகும். அறுபது ஆண்டுகள் கழிந்தபின் தொலைபேசியோடு இணையமும் வந்து சேர்ந்தது. 1994 இல் அந்நாட்டு அரசாங்கப் பள்ளிகளில் நூற்றுக்கு 35 பள்ளிகளுக்கே இணையத் தொடர்பு இருந்தது. வகுப்பறைகளை மட்டும் கணக்கிட்டால், நூற்றுக்கு 3 அறைகளுக்கே அவ்வசதி இருந்தது.

இக்குறையை நீக்க ஒலிம்பியா ஸ்னோ, ஜே ராக்கெஃபெல்லர், ஜேம்ஸ் எக்ஸன், பாப் கெர்ரி என்னும் செனட்டர் நால்வர் ஒரு திருத்தம் கொண்டுவந்தனர். அது 1996 ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இடம்பெற்றது. அவ்வாண்டு பிப்ரவரி 8 ஆம் நாள், அதிபர் பில் கிளிண்டன் காங்கிரஸ் நூல்நிலையத்தில் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார்.

1997 மே மாதம் ஆணையம் விதிகளை வகுத்தது. ஆண்டுக்கு 225 கோடி அமெரிக்க வெள்ளி வரை செலவிடலாம் என்று எல்லை கட்டப்பட்டது. பள்ளியின் ஏழ்மைக்கும் இருப்பிடத்திற்கும் ஏற்ப நூற்றுக்கு 20 முதல் 90 வரை கழிவு கிடைக்கும். மாணவருள் எத்தனை பேர் அரசாங்கத்தின் மதிய உணவுச் சலுகைக்குத் தகுதி பெற்றவர் என்பதே ஏழ்மையை அளக்கும் அளவுகோலாயிற்று. பணம் அரசாங்க வரியிலிருந்து வருவதன்று. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் பங்கிலிருந்து வருவது. நிறுவனங்கள் அதைப் பெரும்பாலும் வாடிக்கையாளரின் மாதக் கட்டணத்தில் சேர்த்துவிடுகின்றன. ஆகவே, வீட்டில் தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்நிதிக்குக் கொடையாளியே எனலாம்.

விதிகளின் அடிப்படை

ஆணையம் கண்ட வழி விலைப்போட்டியாகும். பள்ளியோ நூல்நிலையமோ தனக்கு வேண்டிய சேவை இன்னதென்று 470 ஆம் எண் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அது எல்லா நிறுவனங்களும் காணுமாறு இணையத்தில் வெளியிடப்படும். வெளியிட்ட நாளிலிருந்து 28 நாள் காத்திருந்த பின்னரே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அதன்பின் 471 ஆம் எண் படிவத்தின் வழி நிதி கேட்க வேண்டும்.

வந்த விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது அனுபவம், தரம், பராமரிப்பு முதலியவற்றையும் கருதலாம். எனினும், விலைக்கே எல்லாவற்றினும் மிகுதியான மதிப்பெண் தருதல் வேண்டும். மாநிலச் சட்டமும் உள்ளூர்ச் சட்டமும் விதிக்கும் டெண்டர் முறைகளையும் பின்பற்ற வேண்டும்.

நிறுவனங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒத்த நிலையிலுள்ள பிற வாடிக்கையாளரிடம் வாங்கும் மிகக் குறைந்த கட்டணத்திற்கு மேல் பள்ளியிடம் கேட்கலாகாது. போட்டியிட வேறு நிறுவனம் இல்லாத சிற்றூர்களில், ஒரே ஒரு விலைப்புள்ளி வந்து சேரும் இடங்களில், இவ்விதியின் அருமை புலப்படும்.

வேலியைத் தாண்டியவர்கள்

தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இரான் என்பது இங்கும் உண்மையாயிற்று. முதற் சோதனை படிவத்திலேயே தோன்றியது. ‘மாஸ்டர்மைண்ட்’ என்னும் இணைய நிறுவனத்தின் ஊழியரையே சில பள்ளிகள் 470 ஆம் படிவத்தில் தம் தொடர்பாளராகக் குறித்திருந்தன. விலை கேட்பவர் இடத்திலும் விலை சொல்பவர் இடத்திலும் ஒருவரே அமர்ந்தால், மற்ற நிறுவனங்கள் எதை நம்பிப் போட்டியிடும்? அத்தகைய விண்ணப்பங்களுக்கு நிதி மறுத்தது சரியே என ஆணையம் 2000 இல் தீர்ப்பளித்தது.

அடுத்தது, டெக்சஸ் மாநிலம் எல் பாசோ நகரைச் சார்ந்த இஸ்லெட்டா பள்ளி வட்டாரத்தின் வழக்கு. அவ்வட்டாரம் முதலில் ஐ.பி.எம். நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணைவராகத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு பணிக்கும் என்ன விலை என்பது அதன்பிறகே பேசப்பட்டது. பெயரைப் பார்த்துத் தேர்ந்தபின் விலை பேசுவது போட்டியாகாது என்று ஆணையம் 2003 டிசம்பரில் முடிவு கூறியது. ஆயினும், பள்ளிகள் மீண்டும் முறைப்படி விலை கேட்டு விண்ணப்பிக்க வாய்ப்பளித்தது. விலையே முதன்மை என்னும் விதி ஐயத்திற்கிடமின்றி நிலைபெற்றது இத்தீர்ப்பினாலேயாம்.

இவை முறை தவறிய செயல்கள். குற்றம் என்றே சொல்லத்தக்கவையும் நிகழ்ந்தன. 2004 மே மாதம், என்.ஈ.சி. குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம், போட்டியாளரோடு கூடி ஒப்பந்தங்களைப் பங்கிட்டுக்கொண்டதையும் மோசடி செய்ததையும் ஒப்புக்கொண்டது. தண்டமும் இழப்பீடும் உட்பட 2 கோடியே 7 இலட்சம் வெள்ளி கட்ட இசைந்தது. டல்லஸ், ஹூஸ்டன் நகரப் பள்ளி அதிகாரிகளுக்கு உல்லாசப் படகுப் பயணமும் பந்தாட்ட நுழைவுச்சீட்டும் வழங்கி ஒப்பந்தம் பெறப்பட்டதாக எழுந்த வழக்கில், எச்.பி. நிறுவனம் 2010 இல் 1 கோடியே 62 இலட்சத்து 50 ஆயிரம் வெள்ளி செலுத்தித் தீர்த்துக்கொண்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆணையம் அன்பளிப்புக்கும் அளவு கட்டியது. ஒரு நிறுவனத்திடமிருந்து ஒரு வேளையில் 20 வெள்ளிக்கு மேலும், ஓராண்டில் 50 வெள்ளிக்கு மேலும் மதிப்புள்ள எதையும் பள்ளி ஊழியர் பெறலாகாது.

வேலியில் சிக்கியவர்கள்

விதிகள் கடுமையாக ஆக, அவற்றில் சிக்கியோர் அனைவரும் கள்வராக இருக்கவில்லை என்பதும் வெளிப்பட்டது. பெரிய நகரப் பள்ளிகளுக்குக் கணக்கரும் வழக்கறிஞரும் ஆலோசகரும் உண்டு. ஒரே ஆசிரியர் பாடமும் நடத்திப் படிவமும் நிரப்பும் பள்ளிக்கும், ஒரே ஊழியர் கதவையும் திறந்து கணக்கையும் எழுதும் நூல்நிலையத்திற்கும் துணை யார்? எந்தப் பள்ளிக்கு 90 காசு மிகமிக வேண்டியிருந்ததோ, அந்தப் பள்ளியே ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதற்காக முழுத் தொகையையும் இழக்கும் நிலை ஏற்பட்டது.

2006 மே மாதத்தில் ஆணையம் இதனைக் கருத்திற்கொண்டது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து பிஷப் பெரி நடுநிலைப் பள்ளியின் பெயரால் வழங்கும் அத்தீர்ப்பில் 196 முறையீடுகள் ஒருங்கே ஏற்கப்பட்டன. எழுத்துப் பிழை, படிவப் பிழை, காலக்கெடுத் தவறு ஆகியவையே அவற்றில் இருந்த குற்றங்கள். பணத்தை வீணாக்கியதற்கோ ஏமாற்றியதற்கோ அறிகுறி இல்லை. ஆதலின், அவ்விண்ணப்பங்களை மறுபடியும் ஆராயுமாறு ஆணையம் பணித்தது. பிழைக்கும் மோசடிக்கும் இடையே கோடு கிழித்த தீர்ப்பு இது.

அப்போக்கு பின்னரும் தொடர்ந்தது. 2014 இல் திட்டம் பெரிதும் திருத்தப்பட்டு, ஆண்டு எல்லை 390 கோடி வெள்ளியாக உயர்ந்தது. பள்ளிகள் கொடுக்கும் விலைகளை வெளியிடும் வழக்கம் வந்தமையால், அண்டை ஊர்ப் பள்ளி கொடுக்கும் விலையைப் பார்த்து அதிகம் கேட்கும் நிறுவனத்தை மடக்கலாம் என்றாயிற்று. ஆண்டுக்கு 3,600 வெள்ளிக்கு மேற்படாத, வேகம் மிகுந்த பொது இணையச் சேவைக்கு விலைப்போட்டியே வேண்டாம் என்றும் விலக்களிக்கப்பட்டது. மறுபுறம், ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டிய காலம் 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீண்டது. 2023 இல் நூல்நிலையங்கள் கட்டிடத்தினுள் அமைக்கும் கருவிகளை வாங்கும் சிறு செலவுக்கும் அதே 3,600 வெள்ளி அளவில் விலக்குக் கிடைத்தது.

எஞ்சி நிற்கும் கேள்வி

பயன் விளையாமலில்லை. 1994 இல் நூற்றுக்கு 3 ஆக இருந்த இணைய வகுப்பறைகள் 2005 இல் 94 ஆயின. நிதி திரட்டும் முறையே அரசியலமைப்புக்கு மாறானது என்று தொடுக்கப்பட்ட வழக்கும், 2025 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் ஒரு புறமும் மூவர் மறுபுறமுமாக நின்று வழங்கிய தீர்ப்பினால் தோல்வியுற்றது.

ஆயினும், முதற் கேள்வி தீர்ந்துவிடவில்லை. விலைப்போட்டி இல்லையேல் பொதுப் பணம் கரையும் என்பதற்கு டல்லஸ் வழக்கும் என்.ஈ.சி. வழக்கும் சான்று. விதி ஒன்றையே பார்த்தால் ஏழைப் பள்ளி பின்தங்கும் என்பதற்கு அந்த 196 முறையீடுகள் சான்று. நேர்மையற்றவனுக்கு விதியைச் சுற்றிச் செல்ல வழக்கறிஞர் கிடைப்பார். நேர்மையான சிற்றூர் நூலகருக்கு விதியைப் படித்துக் காட்டவும் ஆள் கிடைப்பதில்லை. ஒரு விதி நல்ல விதிதானா என்று அறிய, அது எத்தனை கள்வரைப் பிடித்தது என்று எண்ணினால் மட்டும் போதாது. அதற்குப் பணிந்து நடக்க விரும்பும் எளியவருக்கு அது இயலுகிறதா என்றும் கேட்டாக வேண்டும்.