கூவத்திலிருந்து பிளிமத்துக்கு

நேப்பியர் பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது நம் திருவல்லிக்கேணிக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். அதே கூவம் முகத்துவாரம் ஒரு காலத்தில் கடல் ஆராய்ச்சிக்குப் பாடசாலையாக இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா?

1930களில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர் ஆர். கோபால ஐயர். அவரிடம் ஆராய்ச்சி செய்தவர் கோட்டயத்துக்காரரான என். கேசவ பணிக்கர். இருவரும் சேர்ந்து கூவம், அடையாறு முகத்துவாரங்களில் வாழும் உயிரினங்களைப் பற்றி 1937-ல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார்கள்.

முகத்துவாரத்தின் குணம் நமக்குத் தெரிந்ததுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தால் தண்ணீரில் உப்பு குறைந்துவிடும். கோடையில் மணல் அடைத்துக்கொள்ளும், உப்பு ஏறும். சாதாரணக் கடல் உயிரினம் இந்த மாற்றத்தைத் தாங்காது. இறால் மட்டும் எப்படித் தாங்குகிறது?

இந்தக் கேள்வியோடுதான் பணிக்கர் 1851 கண்காட்சி உதவித்தொகை பெற்று இங்கிலாந்து போனார். அந்த உதவித்தொகைக்கும் ஒரு கதை உண்டு. 1851-ல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் கண்காட்சியில் செலவு போக மிஞ்சிய லாபம் சுமார் 1,86,000 பவுன். அதை முதலாக வைத்துப் பின்னாளில் இளம் விஞ்ஞானிகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். நியூசிலாந்திலிருந்து ரூதர்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் போனதும் இந்தப் பணத்தில்தான்.

பிளிமத் கடல் ஆய்வுக்கூடத்தில் பணிக்கர் இறால்களின் உடலில் உப்பு எப்படிச் சமநிலையில் நிற்கிறது என்று ஆராய்ந்தார். வெதுவெதுப்பான நீரில் உப்புக் குறைவைத் தாங்கும் திறன் கூடுகிறது என்பது அவர் கண்ட முக்கியமான விஷயம். வெப்ப நாடுகளின் கழிமுகங்களில் இத்தனை வகை உயிரினங்கள் செழிப்பதற்கு அது ஒரு விளக்கம் தந்தது. 1940-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

திரும்பி வந்தவர், 1950களில் மண்டபத்தில் இருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். பிறகு மத்திய அரசுக்கு மீன்வள ஆலோசகர். பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் இந்தியப் பங்கை வழிநடத்தினார். 1966-ல் தொடங்கிய தேசியக் கடலியல் நிறுவனத்துக்கு முதல் இயக்குநரும் அவரே.

இன்று கடல்வளம், கடல்சார் கொள்கை என்று ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் பேரன் பேத்திகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மதிப்பெண்ணும் சிபாரிசுக் கடிதமும் எல்லோரிடமும் இருக்கும். பணிக்கரிடம் கூடுதலாக இருந்தது, நம்மூர்த் தண்ணீரில் கால் நனைத்துக் கண்டுபிடித்த ஒரு கேள்வி. விண்ணப்பம் எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைத் தந்த கூவம் இன்று இருக்கும் நிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவும் ஒரு ஆராய்ச்சிக்குரிய கேள்விதான்.