காற்புள்ளியில் தொங்கிய உயிர்

ஒரு கமா தப்பாகப் போனால் என்ன ஆகும்? தமிழய்யா அரை மார்க் குறைப்பார். அவ்வளவுதானே என்கிறீர்களா? சர் ரோஜர் கேஸ்மென்ட்டிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்!

அயர்லாந்துக்காரர். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. காங்கோவில் ரப்பருக்காகக் கறுப்பின மக்களை வதைத்த கொடுமையை 1904-ல் அம்பலப்படுத்தியவர். 1911-ல் 'சர்' பட்டம். அதே மனிதர் முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மனிக்குப் போனார். அங்கே கைதிகளாக இருந்த ஐரிஷ் சிப்பாய்களைத் திரட்டி, தாய்நாட்டு விடுதலைக்கு ஒரு படை அமைப்பது திட்டம். சேர்ந்ததோ ஐம்பது சொச்சம் பேர்! 1916 ஏப்ரலில் நீர்மூழ்கியில் வந்து அயர்லாந்தில் கரையேறினார். அன்றே பிடித்துவிட்டார்கள்.

லண்டனில் தேசத்துரோக வழக்கு. நீதிபதி ரெடிங் பிரபு (ஆமாம், பின்னாளில் நம் வைஸ்ராயாக வந்தாரே, அவரேதான்). சட்டமோ 1351-ல், பழைய பிரெஞ்சில் எழுதியது. அதன் சாரம் இது: 'ராஜ்யத்துக்குள் மன்னரின் எதிரிகளோடு சேர்வது அவர்களுக்கு ராஜ்யத்துக்குள் உதவுவது அல்லது வேறெங்கேனும்.'

கடைசி இரண்டு வார்த்தைகளைப் பாருங்கள். 'வேறெங்கேனும்' எதோடு ஒட்டுகிறது?

உதவியோடு மட்டும்தான் என்றார் கேஸ்மென்ட்டின் வக்கீல் சல்லிவன். அதாவது உதவி எங்கே போய்ச் சேர்ந்தாலும் சரி, துரோகி ராஜ்யத்துக்குள் இருந்திருக்க வேண்டும். இவர் இருந்ததோ ஜெர்மனியில். ஆகவே இந்தச் சட்டம் தொடாது! இல்லையில்லை, நடுவில் உள்ள 'உதவுவது' வெறும் விளக்கம், அதை அடைப்புக்குறிக்குள் போட்டுப் படியுங்கள் என்றது அரசுத் தரப்பு. அப்படிப் படித்தால் எதிரியோடு எங்கே சேர்ந்தாலும் குற்றம். படிக்கிற விதம் மாறினால் ஓர் உயிர் தப்பும்.

ஜூன் 29-ல் தூக்கு என்று தீர்ப்பு. அப்பீலின்போது நீதிபதிகள் இரண்டு பேர் ஆவணக் காப்பகத்துக்கே கிளம்பிப்போய், 565 வருஷப் பழைய மூலச் சுருளில் நிறுத்தக்குறி தேடினார்கள். நம் ஓலைச்சுவடிகளில் கமா தேடுவது மாதிரிதான். கடைசியில், பழைய சட்ட மேதைகள் அந்த வரியை எப்படிப் படித்தார்களோ அதையே தாங்களும் ஏற்பதாகச் சொல்லி, மனுவைத் தள்ளிவிட்டார்கள். உண்மையில் முடிவு செய்தது கமா அல்ல. ஆனால், 'கமாவால் தூக்கில் தொங்கியவர்' என்ற பெயர் கேஸ்மென்ட்டுக்கு நிலைத்துவிட்டது.

ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் கருணை மனுவுக்குக் கையெழுத்து திரட்டினார். பலனில்லை. 1916 ஆகஸ்ட் 3, பென்டன்வில் சிறையில் தூக்கு. சிறை வளாகத்திலேயே புதைத்தார்கள். எலும்புகள் டப்ளின் திரும்பியது 1965-ல்தான்.