சேத்தக்கிலிருந்து 150 சி.சி. வரை: திருகோணமலை வீதிகளின் ஒரு சிறு வரலாறு

நான் ஸ்கூட்டரை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறியது 2010ஆம் ஆண்டில். தனியொருவன் வண்டி மாற்றியதெல்லாம் வரலாறாகுமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வேறு ஊராக இருந்தால் ஆகாதுதான். ஆனால் திருகோணமலையில் ஒருவர் எந்த வண்டியில் வேலைக்குப் போனார் என்பதை அவருடைய விருப்பமும் பணப்பையும் மாத்திரம் தீர்மானித்ததில்லை. சோதனைச் சாவடிகள் தீர்மானித்தன, பாதைகள் தீர்மானித்தன, கடைசியில் பாலங்கள் தீர்மானித்தன. கிழக்கிலங்கைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: இங்கே பாதை என்றால் தரைவழி மட்டுமன்று. களப்பையும் ஆற்றையும் கடக்க, வண்டிகளையும் மனிதர்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கும் அதுவே பெயர்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் விடயம் விளங்கும். கடலுக்குள் நீண்ட ஒரு நிலத்துண்டில் நகரம். கிழக்கே வெளிக்கடல், மறுபுறம் உள்துறைமுகம். நேரே பார்த்தால் கைக்கெட்டும் தொலைவில் தெரியும் சீனக்குடாவுக்குத் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அதற்கப்பால் கிண்ணியா, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர். மூதூருக்கு நகரத்து இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் போவதே வழக்கமாக இருந்தது. நீர் அருகில், நிலம் தூரத்தில் என்பதே இந்த மாவட்டத்தின் அமைப்பு.

பிரித்தானியக் கடற்படை 1957இல் இத்தளத்தைக் கையளித்து வெளியேறும்வரை, காலையில் டொக்யார்ட் வீதியில் சைக்கிள்கள் வரிசையாகப் போகும் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1980களில் சீனக்குடாவில் மாவு ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கியபின் தூரம் கூடிற்று. ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பெரும்பாலும் ஐம்பது முதல் தொண்ணூறு சி.சி. வரையிலான ஹொண்டாக்கள். அவற்றோடு இந்தியாவிலிருந்து ஸ்கூட்டரும் வந்தது.

ஸ்கூட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946இல் வெஸ்பாவை வெளியிட்டது. அதனை வடிவமைத்த கொராடினோ டஸ்கானியோ விமானப் பொறியியலாளர்; மோட்டார் சைக்கிளை அவருக்கு அறவே பிடிக்காது. உடையில் கிறீஸ் படியக்கூடாது, சங்கிலி வெளியே தெரியக்கூடாது, காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமரவேண்டும் என்று எண்ணிச் செய்தார். ஒற்றைப் பக்கத்தில் தாங்கிய முன்சக்கரத்தைப் பார்த்தால் விமானத்தின் சக்கரம் நினைவுக்கு வரும். பஜாஜ் நிறுவனம் அதே வெஸ்பாவை உரிமம் பெற்று இந்தியாவில் 1971 வரை தயாரித்தது. மறு ஆண்டு, மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைச் சூட்டிச் சேத்தக்கைக் கொண்டுவந்தது. நான் 1994இல் இரண்டாம் கையாக வாங்கியது அதுதான்.

ஆசிரியர்கள், கச்சேரி எழுதுவினைஞர்கள், வங்கி உத்தியோகத்தர்கள் ஆகியோரின் வண்டி அது. முன்னே நிற்க ஒரு பிள்ளைக்கு இடம். பின்னே ஒருக்களித்து அமர மனைவிக்கு இடம். காலடியில் சந்தைப் பைக்கு இடம். கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றவேண்டும். பெற்றோலோடு எண்ணெயை அளந்து கலக்கவேண்டும். மழைக்காலக் காலையில் கிளம்ப மறுத்தால் வண்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துவிட்டுத்தான் உதைக்கவேண்டும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இந்தச் சாய்ப்பு நினைவிருக்கும் என நம்புகிறேன். இது பொறியியல் சார்ந்ததா, வழிபாட்டின் ஒரு வகையா என்பதை நான் ஆராயவில்லை.

ஆனால் நான் ஸ்கூட்டர் வாங்கியதற்கு உண்மையான காரணம் வேறு. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக் கிழக்கில் மோட்டார் சைக்கிள் ஒரு சந்தேகப் பொருளாக மாறிற்று. இரண்டு இளைஞர்கள், ஒரு மோட்டார் சைக்கிள்: இந்தக் காட்சியை எல்லாத் தரப்பும் அஞ்சியது. கொலைகள் பல அவ்வாறுதான் நடந்தன. எந்தத் தரப்பினர் என்று உறுதியாகக் கூற முடியாதபடி வந்து, சுட்டு, ஒழுங்கைக்குள் மறைந்தார்கள். ஆகவே சாவடிக்கு நூறு யார் முன்பே இயந்திரத்தை அணைத்து, இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். பின்னால் இருந்தவர் தனியாக நடக்கவேண்டும். அடையாள அட்டை கையில் தயாராக இருக்கவேண்டும்.

இந்த விதி ஸ்கூட்டருக்கும் உண்டு. ஆயினும் ஸ்கூட்டரைப் பார்க்கும் கண் வேறாக இருந்தது. யோசித்தால் இது விசித்திரமே. ஒளித்து வைக்க இடமுள்ள வண்டி ஸ்கூட்டர்தான். பக்கப் பெட்டி, முன்பெட்டி, போதாததற்கு மேலதிகச் சக்கரம். மோட்டார் சைக்கிளில் ஒளிப்பதற்கு ஒன்றுமே இல்லை. எனினும் காவலில் நின்றவர்கள் அஞ்சியது பெட்டியை அன்று, வேகத்தை. குறுகிய இடத்தில் திரும்பிப் பாயக்கூடிய வண்டியை. சேத்தக்கில் வருபவன் ஓடித் தப்பமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். ஓட்டுபவனுக்கும் தெரியும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் பலர் ஸ்கூட்டரையே விரும்பியதில் இந்தக் கணக்கும் இருந்தது. என் வயது அப்போது இருபதுகளில். என் தோற்றத்துக்கு ஒரு பத்து வயதைக் கூட்டித் தந்தது அந்த வண்டி. அதற்காகவே அதை வாங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் நிலை வேறு. 1990களின் முற்பாதியில் அங்கே எரிபொருள் தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மருந்தூசிக் குழாயால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். எங்கள் நகரம் அரச கட்டுப்பாட்டில் இருந்ததால் அந்த வித்தையை நாங்கள் கற்க நேரவில்லை.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த ஒப்பந்தத்தின்பின் வீதிகள் சற்று மூச்சு விட்டன. அந்த ஓரிரு ஆண்டுகளில் பல்சர் போன்ற 150 சி.சி. வண்டிகள் ஊருக்குள் தலைகாட்டின. இந்தியாவில் 1990களின் இறுதியிலேயே மோட்டார் சைக்கிள் விற்பனை ஸ்கூட்டரை முந்திவிட்டது. நாற்காற்று இயந்திரம், குறைந்த செலவு, பெரிய சக்கரம் என்று அங்கே சந்தை தீர்மானித்ததை இங்கே பின்தொடர நாங்களும் ஆயத்தமாக இருந்தோம். 2006 வந்து அதைக் குலைத்தது.

அவ்வாண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலையருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டதை மறுத்து, அண்மையில் வைத்துச் சுடப்பட்டார்கள் என்பதைக் காட்டிய படங்கள் ‘சுடர் ஒளி’யில் வந்தன. அவற்றை எடுத்தவர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். துறைமுகத்தில் தொழில், பகுதிநேரமாகச் செய்தியாளர். ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த ஊரில் தினமும் வேலைக்குப் போய்வருவது பற்றி எழுதும் எவரும் அந்தக் காலை நேரத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைக்கும் ஓசை கேட்டால் திரும்பிப் பார்க்காமலே ஓரத்துக்கு ஒதுங்கும் பழக்கம் அதன்பின் எனக்கு வந்தது. அது முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

போர் 2009 மே மாதம் முடிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது; 396 மீற்றர் நீளம். பாதைக்காகக் கரையில் காத்திருந்த தலைமுறைகள் பல. அவர்கள் அரைமணியும் ஒருமணியும் நின்ற இடத்தை இப்போது ஒரு நிமிடத்திற்குள் கடக்கலாம். தொடர்ந்து உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மூதூர் வழியில் பாலங்கள் எழுந்தன. லோஞ்சில் போய்வந்த ஊருக்கு வீதியால் போகும் நிலை வந்தது. செய்தியாளனான எனக்குத் தினசரிப் பயணம் என்பது உப்புவெளியிலிருந்து நகருக்குப் போகும் சில கிலோமீற்றர்களாக இருந்தது ஒழிந்து, மாவட்டம் முழுவதுமாக விரிந்தது.

சேத்தக்கின் பத்து அங்குலச் சக்கரம் மூடிய நகரத்துக்குப் போதுமானது. திருத்தப்படாத வீதியில், மழைநீர் நிறைந்த குழியில், அச்சக்கரம் முழுதாக இறங்கும். பதினேழு அங்குலச் சக்கரம் அதன் மேல் ஏறிக் கடக்கும். ஸ்கூட்டரின் இயந்திரம் வலப்பக்கம் தொங்குவதால், கொட்டியாரக் குடாவின் பக்கக்காற்றில் நேராகப் பிடித்திருப்பதே ஒரு வேலை. இதையெல்லாம் கணக்கிட்டே 150 சி.சி. வண்டிக்கு மாறினேன். இடதுகைக் கியரை மறந்து இடதுகாலால் மிதிக்கக் கற்க இரண்டு வாரம் சென்றது. சந்தைப் பைக்கு இடமில்லை என்ற மனைவியின் முறைப்பாடு தீர இரண்டு ஆண்டு சென்றது. கடையில் மோட்டார் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தபோது எழுந்த எண்ணம் ஒன்றை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்: இனி இதில் போனால் என்னை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள், எனக்கும் வயது நாற்பது கடந்துவிட்டது.

பாலம் வந்ததால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். கிண்ணியாவிலேயே குறிஞ்சாக்கேணியில், பழைய பாலம் அகற்றப்பட்டுப் புதியது கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மக்கள் மீண்டும் பாதையை நம்பவேண்டி வந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்தவர்களில் இருந்தார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கும்வரை, கையில் இருந்த வண்டியே வண்டி. இடையில் 2022 வந்தது. ஜூலையில் தொடங்கிய கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். என் வண்டி லீற்றருக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீற்றர் தரும். வேலைக்குப் போய்வந்து, மூதூருக்கும் ஒரு தடவை போகலாம். சேத்தக் இருந்திருந்தால் மூதூர்ச் செய்தியைத் தொலைபேசியில்தான் கேட்டு எழுதியிருப்பேன்.

நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற இதே மாவட்டத்தின் சீனக்குடாவில்தான் எண்ணெய்க் குதங்கள் தொண்ணூற்றொன்பது நிற்கின்றன. உலகப் போருக்கு முன்பும் போரின்போதும் பிரித்தானியர் கட்டியவை; ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பன்னீராயிரம் தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானம் ஒன்று வீழ்ந்து எரிந்த குதத்தின் உருகிய இரும்பு காட்டுக்குள் கிடக்கிறது. 2003 முதல் கீழ்ப்பகுதிக் குதங்கள் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் கையில். 2022 ஜனவரியில், வரிசைகள் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், குதங்களைப் பங்கிடும் உடன்படிக்கை கைச்சாத்தானது: பதினான்கு அவர்களுக்கு, இருபத்துநான்கு நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, அறுபத்தொன்று கூட்டு நிறுவனத்துக்கு. அன்று நிரப்பு நிலையத்தில் என் முன்னால் நின்ற மீனவர் ஒருவர் குதங்கள் இருந்த திசையைக் காட்டி, “அதில முதல்ல எண்ணெய் இருக்கவேணுமே, ஐயா” என்றார். ஆசிரியத் தலையங்கம் எழுத எனக்கு அதைவிட நல்ல வரி அகப்படவில்லை.

சேத்தக்கைச் செய்த நிறுவனம் ஸ்கூட்டர் உற்பத்தியையே நிறுத்தப்போவதாக 2009 டிசம்பரில் அறிவித்தது. பத்தாண்டு கழித்து அதே பெயரில் மின்சார வண்டி வந்தது. ஆனால் ஸ்கூட்டர் எங்கள் வீதிக்குத் திரும்பியது அதற்கு முன்பே, வேறொரு வடிவில்: கியர் இல்லாத சிறு வண்டிகளாக, பெண்களின் கையில். காலை ஏழு மணிக்குக் கிண்ணியாப் பாலத்தில் நின்று பாருங்கள். ஆசிரியைகள், தாதியர், வங்கியில் பணிபுரிவோர். சேலையும் அபாயாவுமாக, காலடியில் சாப்பாட்டுப் பையுடன், நகரத்துக்கும் மூதூருக்குமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். போன வாரம் நான் எண்ணிப் பார்த்தேன். கால்மணி நேரத்தில் முப்பத்தொரு ஸ்கூட்டர்கள். அவற்றில் ஆண்கள் ஓட்டியவை நான்கு.