பங்சார் தொகுதியும் 808 வாக்குகளும்



தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இந்த வட்டாரம் எப்போதும் அந்தக் கட்சிக்குத்தான். நான் ஒருவன் போய் ஓட்டுப் போடுவதால் என்ன மாறிவிடப் போகிறது?" என்பார்கள். இந்த எண்ணம் சரிதானா என்பதை, கோலாலம்பூரின் புறநகர்ப் பகுதியான பங்சாரின் வரலாற்றைக் கொண்டு இன்று பார்ப்போம்.

இன்று பங்சார் என்றதும் பெரிய வீடுகளும் கடைத்தெருக்களும் நினைவுக்கு வரும். ஆனால் அது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்தே அந்தப் பெயர் உண்டாயிற்று என்பர். நம்மவர்கள் பால்மரம் வெட்டிய மண் அது. அதை அடுத்துள்ள பிரிக்ஃபீல்ட்ஸில் இரயில்வே தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். பங்சார் சாலையில் தொழிற்சாலை வேலையும் இருந்தது. தோட்டமும் பட்டணமும் சந்தித்த இடம் என்று அதைச் சொல்லலாம்.

அந்த நாளில் ஓட்டுரிமை எல்லாருக்கும் இருக்கவில்லை. 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். மக்கள் தொகையில் இந்தியர்கள் 100க்கு 11 பேருக்கு மேல் இருந்தும், பட்டியலில் 100க்கு 5 பேர்கூட இல்லை. காரணம் குடியுரிமை. அதற்கான சட்ட நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. "எப்படியும் ஒரு நாள் ஊருக்குத் திரும்பிவிடுவோம்" என்று எண்ணி மனுச் செய்யாமல் இருந்தவர்களும் நம்மில் உண்டு.

1957இல் நாடு விடுதலை பெற்றபின் நிலைமை மாறியது. குடியுரிமை பெற்றோர் பெருகினர். 1959இல் பட்டியலில் இருந்தோர் 21 லட்சத்தைத் தாண்டினர். அவ்வாண்டு ஆகஸ்ட் 19இல் நடந்த தேர்தலில் நாடு முழுவதும் கூட்டணிக் கட்சி 104 இடங்களில் 74ஐ வென்றது. ஆனால் பங்சார் தொகுதியில் வென்றவர் சோசலிஸ்ட் முன்னணியின் வி. டேவிட். அவர் தொழிற்சங்கத் தலைவர். சம்பளம், வேலை நேரம், வேலைப் பாதுகாப்பு ஆகியவையே சங்கத்தின் அன்றாடப் பேச்சு. பட்டணத்து ஓரத்தில் வாழ்ந்த தொழிலாளி அந்தப் பேச்சைக் கேட்டே வாக்களித்தான்.

அடுத்த தேர்தல் 1964 ஏப்ரல் 25இல் வந்தது. நாடு முழுவதும் கூட்டணியின் காற்றே வீசியது. அது 89 இடங்களைப் பிடித்தது. பங்சாரில் டேவிட் மீண்டும் நின்றார். கூட்டணி வேட்பாளரும் இருந்தார். அவர்களை எதிர்த்து மக்கள் செயல் கட்சியின் சி. வி. தேவன் நாயர் நின்றார். அவரும் தொழிற்சங்கவாதி, மலாக்காவில் பிறந்தவர், ரப்பர்த் தோட்டக் கிராணியின் மகன். ஒரே தொழிலாளர் கூட்டத்தின் வாக்கைக் கேட்டு இரண்டு சங்கத் தலைவர்கள் மோதிக்கொண்டார்கள். வாக்குகள் பிரிந்தன. தேவன் நாயர் வென்றார். வித்தியாசம் 808 வாக்குகள். தீபகற்பத்தில் அக்கட்சி வென்ற ஒரே நாடாளுமன்றத் தொகுதி அதுதான்.

808 என்பது எவ்வளவு? டேவிட் பக்கம் 405 பேர் மனம் மாறியிருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். 405 பேர் என்றால், ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கூடும் கூட்டம்!

1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. தேவன் நாயர் இங்கேயே இருந்து ஜனநாயக செயல் கட்சி தோன்றக் காரணமானார். 1969 மே 10இல் தொழிற்கட்சி தேர்தலைப் புறக்கணித்தது. பங்சாரில் ஜனநாயக செயல் கட்சியின் கோ ஹோக் குவான் வென்றார். மூன்று தேர்தல்களில் மூன்று கட்சிகள்! அந்த வட்டாரத்துக்குச் சாய்வு இருந்தது உண்மை. ஆனால் அது கட்சிக் கொடியின்மீது கொண்ட சாய்வன்று. தொழிலாளியின் குறையைப் பேசியவர்மீது கொண்ட சாய்வு.

பின்னர் அந்தத் தொகுதி மறைந்தது. இன்று பங்சார் லெம்பா பந்தாய் தொகுதியில் இருக்கிறது. அங்கும் 1995 முதல் மூன்று தேர்தல்களில் வென்ற தேசிய முன்னணி 2008இல் தோற்றது. 'எப்போதும் அந்தக் கட்சிக்குத்தான்' என்ற சொல் அங்கே மீண்டும் பொய்த்தது.

வாக்களிக்க வருவோர் தொகையும் ஏறி இறங்கியே வந்துள்ளது. நாடளவில் 1959இல் 100க்கு சுமார் 73 பேர் வந்தார்கள். 1964இல் சுமார் 79 பேர். 2022இல் ஏறக்குறைய 74 பேர். எஞ்சியவர்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் மற்றவர்கள் முடிவு செய்தார்கள்.

நேயர்களே, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்களின் பெயர் தானாகவே பட்டியலில் சேர்கிறது. ஆனால் அடையாளக் கார்டில் உள்ள முகவரியைக் கொண்டே சேர்கிறது. தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் ஓட்டு, இடிந்துபோன லயத்தின் முகவரியிலேயே கிடக்கலாம். முகவரியை மாற்றி, தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கும் மனுச் செய்யுங்கள்.

நம் பாட்டன்மார் பலர் சிவப்பு அடையாளக் கார்டோடு, ஓட்டுச் சாவடியை எட்டிப் பார்க்காமலே கண்மூடினார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நம் கையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்துவிட்டு, வட்டாரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.