லினக்ஸில் நினைவக அட்டை படிப்பான்: பழுதறியும் முறையின் வரலாறு

நினைவக அட்டை படிப்பான் (கார்டு ரீடர்) என்பது கேமரா, கைப்பேசி ஆகியவற்றில் பயன்படும் நினைவக அட்டையை யூஎஸ்பி வழியாகக் கணினியுடன் இணைக்கும் சிறு கருவியாகும். இது இயங்காதபோது பழுது அட்டையில் உள்ளதா, படிப்பானில் உள்ளதா, இயங்குதளத்தில் உள்ளதா என்று பிரித்தறிவதே முதல் வேலை. படிப்பானின் பழுதை அட்டையின் பழுதாகக் கருதி அட்டையை ஃபார்மட் செய்வோர், நல்ல நிலையில் உள்ள படங்களையும் கோப்புகளையும் இழக்க நேரிடும்.

பொதுத் தரம்

காம்பாக்ட் பிளாஷ் அட்டை 1994-இலும் எஸ்டி அட்டை 1999-இலும் அறிமுகமாயின. யூஎஸ்பி 1.0 தரம் 1996-இல் வெளியானது. சேமிப்புக் கருவிகள் அனைத்தும் ஒரே முறையில் கணினியுடன் பேசுவதற்கான 'பல்க் ஒன்லி' தரம் 1999-இல் வகுக்கப்பட்டது. இதன்படி கணினி 31 பைட் அளவுள்ள கட்டளையை அனுப்பும். தரவுப் பரிமாற்றம் முடிந்ததும் கருவி 13 பைட் அளவில் நிலையைத் தெரிவிக்கும். கட்டளைக்குள் இருப்பவை வன்தட்டுகளுக்காக முன்பே உருவான ஸ்கசி கட்டளைகளாகும். ஆகவே லினக்ஸ், அட்டையையும் ஒரு வட்டாகவே கருதி 'எஸ்டிபி' போன்ற பெயரை இடுகிறது.

லினக்ஸ் கெர்னலுக்கான 'யூஎஸ்பி ஸ்டோரேஜ்' இயக்கியின் தொடக்கப் பணியை 1999-இல் மைக்கேல் கீ செய்தார். பின்னர் மாத்யூ தார்ம் அதை வளர்த்துப் பராமரித்தார். 2001 ஜனவரியில் வெளியான 2.4.0 கெர்னலில் இந்த இயக்கி இடம்பெற்றிருந்தது.

தரத்தை மீறிய கருவிகள்

தரம் எழுத்தில் இருந்தாலும் எல்லாக் கருவிகளும் அதைப் பின்பற்றவில்லை. 1000 துண்டுகள் உள்ள அட்டையில் துண்டுகளின் எண்கள் 0 முதல் 999 வரை அமையும். கொள்ளளவைக் கேட்டால் கருவி கடைசித் துண்டின் எண்ணான 999-ஐத் தர வேண்டும். சில கருவிகள் மொத்த எண்ணிக்கையான 1000-ஐத் தந்தன. வட்டின் பிரிவுகளைக் கண்டறிய இறுதிவரை படிக்கும்போது, இல்லாத துண்டு கேட்கப்பட்டுப் பிழை எழுந்தது. சில கருவிகள் முற்றிலும் உறைந்தன. அட்டையில் குறை ஏதுமில்லை. எண்ணுவதில்தான் ஒன்று கூடிவிட்டது.

இத்தகைய கருவிகளுக்காக, 'வழக்கத்துக்கு மாறான சாதனங்கள்' என்ற பொருளுடைய பட்டியல் ஒன்று கெர்னலில் சேர்க்கப்பட்டது. தயாரிப்பாளர் எண், கருவி எண், குறை, செய்ய வேண்டிய திருத்தம் ஆகியவை அதில் பதிவாகின்றன. இதன் பதிவுகளில் பல, பயனர்கள் அனுப்பிய பழுது அறிக்கைகளிலிருந்து பிறந்தவை. கெர்னலை மறுபடி தொகுக்காமல், இயக்கியை ஏற்றும்போதே திருத்தத்தைக் குறிப்பிடும் வசதியும் பின்னர் வந்தது.

பல துளைகள் கொண்ட படிப்பான்களில் வேறொரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு துளையும் தனி வட்டாக எண்ணப்படும். 2.4 வரிசைக் கெர்னல்களில் அதற்குரிய அமைப்பு இயக்கப்படாவிட்டால் முதல் துளை மட்டுமே தெரியும்.

அட்டைகளின் மாற்றம்

2006-இல் 4 முதல் 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி அட்டைகள் வந்தன. அவற்றின் முகவரி முறை வேறானதால் பழைய படிப்பான்களால் அவற்றைப் படிக்க இயலவில்லை. இது எந்த இயக்கியாலும் தீராத வன்பொருள் வரம்பாகும். 2009-இல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அட்டைகள் எக்ஸ்ஃபாட் கோப்பு முறைமையைப் பயன்படுத்தின. லினக்ஸ் கெர்னலில் அதற்கான ஆதரவு 2019-இல்தான் சேர்ந்தது. அதுவரை, அட்டை தெரிந்தும் கோப்புகள் திறக்காத நிலை பலருக்கு ஏற்பட்டது.

இன்றைய பழுதறிதல்

இந்த வரலாறே சோதனையின் வரிசையைத் தருகிறது. 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையில் படிப்பானே தெரியாவிட்டால் கம்பி, துளை, மின்சாரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். படிப்பான் தெரிந்தால் 'டிமெசேஜ்' தரும் கெர்னல் செய்திகளைப் படிக்க வேண்டும். அங்கு -71 என்பது தகவல் பரிமாற்ற முறையில் நேர்ந்த பிழை. -110 என்பது உரிய நேரத்தில் பதில் வராமை. வட்டின் கொள்ளளவு சரியாகத் தெரிந்தும் கோப்புகள் திறக்காவிட்டால் கோப்பு முறைமையை ஆராய வேண்டும். வேறொரு படிப்பானில் அதே அட்டையைச் சோதிக்கும் வரை அதில் எதையும் எழுதாமல் இருப்பதே தரவைக் காக்கும் வழியாகும்.