போருக்குப் பின் கைகோத்த அறிவியல்: நீலகிரி தரும் இரண்டு சான்றுகள்

உதகையிலிருந்து அவலாஞ்சி செல்லும் சாலையில், முத்தோரை மலைச்சரிவில் 1970 முதல் ஒரு வானொலித் தொலைநோக்கி இயங்கிவருகிறது. உதகையில் ராஜ்பவனை ஒட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. இரண்டும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவை. இரண்டாம் உலகப் போர் குலைத்த அறிவியல் உறவுகளைத் தழைக்கவைத்தவை ஆய்வாளர் பயிற்சி, கருவிப் பகிர்வு, பொது ஆய்வுக்களம் ஆகிய மூன்றும்தான் என்பதை இவற்றின் வரலாற்றைக்கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முதல் உலகப் போரின் பாடம்

1919இல் தோன்றிய பன்னாட்டு ஆராய்ச்சி மன்றம், தோற்ற ஜெர்மனிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் கதவடைத்தது. 1926இல்தான் அந்த விலக்கு நீங்கியது. போர் ஓய்ந்த பிறகும் ஏழாண்டுகள் பகை அறிவுலகில் நீடித்தது.

ரேடாரிலிருந்து முத்தோரைக்கு

சிட்னியின் கதிரியற்பியல் ஆய்வுக்கூடம் 1939இல் ரேடார் ஆய்வுக்காக நிறுவப்பட்டது. போர் முடிந்ததும், 1945 அக்டோபரில் அங்கே ஜோசப் பாசியின் குழு விமானப்படை ரேடார் நிலையமொன்றைக்கொண்டு சூரியனின் வானொலி அலைகளை ஆராயத் தொடங்கியது. பகை விமானங்களைத் தேடிய கருவி வானியலுக்குப் பயன்பட்டது.

1952இல் சிட்னியில் நடந்த பன்னாட்டு வானொலி அறிவியல் ஒன்றியத்தின் பேரவைக்குச் சென்ற இந்திய இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன், இத்துறையை இந்தியாவிலும் வளர்க்க விரும்பினார். அவருடைய முயற்சியால் 1953இல் கொழும்புத் திட்ட உதவித்தொகையில் இளம் ஆய்வாளர் கோவிந்த் ஸ்வரூப் பாசியிடம் பயிலச் சென்றார். அங்கே பயன்பாடு முடிந்த 32 சிறு கிண்ண அலைவாங்கிகளை ஆஸ்திரேலியா இந்தியாவுக்கு நன்கொடையாக அளித்தது. 1965இல் மும்பை அருகே கல்யாணில் அவை நிறுவப்பட்டன. அங்கே கைவந்த அனுபவத்துடன் ஸ்வரூப் குழுவினர் முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கியை உள்நாட்டிலேயே கட்டினர். அவ்விடத்தின் சரிவு ஏறத்தாழ 11 பாகை. அட்சரேகையும் அதே அளவு. ஆகவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பி விண்பொருள்களை மணிக்கணக்கில் தொடர முடிந்தது.

எதிரிகள் ஒரே சுரங்கத்தில்

1944இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் பிரிட்டிஷ் இந்தியப் படைகளும் ஜப்பானியப் படைகளும் மோதின. 21 ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டன், இந்தியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் அறிவியலாளர்கள் கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், ஒன்றாகப் பணியாற்றினர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன், ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தின் மியாகே, டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் உல்ஃபெண்டேல் ஆகியோர் அடங்கிய குழு, வளிமண்டல நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்களின் தடயத்தை 1965இல் அறிவித்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் ஃபிரெடரிக் ரெயின்ஸ் குழுவும் அதே ஆண்டு அதைக் கண்டது.

ஒசாகாவுடனான உறவு கோலாரோடு முடியவில்லை. உதகைக் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வு இந்திய, ஜப்பானியக் கூட்டு முயற்சியே. 560 சதுர மீட்டர் பரப்புள்ள அதன் மியூவான் (ஒருவகை நுண்துகள்) உணர்கருவி, 2014 டிசம்பர் 1 அன்று கடந்துசென்ற இடிமேகத்தில் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் காட்டியது. அம்முடிவு 2019இல் வெளியானது.

முடிவு

அரசுகளின் பகைக்காக அறிஞர்களை ஒதுக்கிய 1919இன் வழி அறிவுக்கு இழப்பையே தந்தது. மாணவரை அனுப்பி, கருவியைப் பகிர்ந்து, ஒரே களத்தில் உழைத்த வழி தலைமுறை கடந்தும் பலன் தருகிறது. இன்றும் போர்கள் நாடுகளைப் பிரிக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் பின்பற்ற வேண்டியது இந்த இரண்டாம் வழியையே.