டர்போ பொறிகளில் காற்று வடிகட்டி அமைத்தல்

டர்போ பொறிகளில் காற்று வடிகட்டி அமைத்தல் என்பது, டர்போ மிகையூட்டி பொருத்தப்பட்ட தானுந்துகளில் பொறிக்குள் செல்லும் காற்றைத் தூய்மைப்படுத்தும் வடிகட்டியைத் தெரிவு செய்து, பொறியறையில் எஞ்சியிருக்கும் குறுகிய இடத்தில் பொருத்துவதைக் குறிக்கும். இயல்பாகக் காற்றை உள்ளிழுக்கும் பொறியைவிட டர்போ பொறிக்குக் கூடுதல் காற்று தேவை. ஆனால் மிகையூட்டி, அதன் குழாய்கள், இடைக்குளிர்விப்பான் ஆகியவை இடத்தை எடுத்துக்கொள்வதால் வடிகட்டிக்குக் கிடைப்பதோ குறைந்த இடமே. இந்த முரண்பாடே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

வரலாறு

வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டு உள்செல்லும் காற்றை அமுக்கும் முறைக்குச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பயணிகள் தானுந்துகளில் இம்முறை 1962 இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரலே கோர்வேர் ஆகிய வண்டிகளின் வழியாக அறிமுகமானது. அகன்ற அமெரிக்கப் பொறியறைகளில் இடம் பெரிய இடர்ப்பாடாக இருக்கவில்லை. 1973 இல் பி.எம்.டபிள்யூ 2002 டர்போவும் 1978 இல் சாப் 99 டர்போவும் வெளிவந்தபோது ஐரோப்பியச் சிறு தானுந்துகளிலும் மிகையூட்டி இடம்பெற்றது. இட நெருக்கடியின் உச்சத்தை யப்பானிய 'கே' வகைத் தானுந்துகளில் காணலாம். 1987 இல் வெளிவந்த சுசுக்கி ஆல்ட்டோ வொர்க்ஸ் 543 கன செ.மீ. பொறியையும் டர்போவையும் கொண்டிருந்தது. அதன் இடைக்குளிர்விப்பான் பொறியின் மேலேயே வைக்கப்பட்டது. 1990 இல் இவ்வகை வண்டிகளின் பொறிக்கொள்ளளவு வரம்பு 660 கன செ.மீ. ஆகவும் நீள வரம்பு 3.3 மீட்டராகவும் உயர்த்தப்பட்டன. கூடுதலாகக் கிடைத்தது 10 செ.மீ. மட்டுமே.

காற்றின் தேவை

நான்கு வீச்சுப் பொறி ஒன்று இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்கு ஏறத்தாழ நிகரான காற்றை இழுக்கும். 1.5 லிட்டர் பொறி நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் சுழலும்போது கணக்கின்படி 4500 லிட்டர் காற்று உட்செல்ல வேண்டும். டர்போ அக்காற்றின் அழுத்தத்தை இருமடங்காக்கினால், வெப்பத்தாலும் பிற காரணங்களாலும் ஏற்படும் இழப்பு போக, வடிகட்டியின் வழியே நிமிடத்திற்கு 7000 லிட்டருக்கு மேல் செல்லும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள ஓர் அறையின் காற்று முழுவதையும் இப்பொறி நான்கு நிமிடங்களுக்குள் இழுத்துவிடும் என்று எண்ணிப் பார்த்தால் வடிகட்டியின் பணி விளங்கும்.

வடிகட்டி தரும் தடை மிகையூட்டியின் வேலையைக் கூட்டுகிறது. வெளிக்காற்று 100 கிலோபாசுக்கல் அழுத்தத்தில் இருக்க, பொறிக்கு 200 கிலோபாசுக்கல் தேவையெனில் அமுக்கியின் அழுத்த விகிதம் 2.0 ஆகும். அடைபட்ட வடிகட்டியால் அமுக்கியின் வாயில் அழுத்தம் 95 கிலோபாசுக்கலாகக் குறைந்தால் விகிதம் 2.1 ஆக உயரும். கட்டுப்பாட்டு அமைப்பு மிகையழுத்தத்தைக் குறையாமல் காக்க முயல்வதால், மிகையூட்டி முன்னிலும் விரைவாகச் சுழன்று காற்றை முன்னிலும் சூடாக்கும். சிறு மிகையூட்டிகளின் அச்சு நிமிடத்திற்கு 1,50,000 சுற்றுகளுக்கு மேல் சுழல்வது வழக்கம் என்பதால், இந்தக் கூடுதல் விரைவு அதன் தாங்கிகளுக்கு நல்லதன்று. தடை மிகுந்தால் அமுக்கிப் பக்கத்து அடைப்பின் வழியே மசகெண்ணெய் உள்ளிழுக்கப்படுவதும் உண்டு. வண்டியின் புகை நீலமாக மாறியதும் மிகையூட்டியையே மாற்றிவிடுவோர் பலர். முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டியை.

மறுபுறம், வடிகட்டியே இல்லாமல் ஓட்டுவதும் இயலாது. அமுக்கியின் சக்கரம் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது. சாலைப் புழுதியில் உள்ள சிலிக்கா மணிகள் அதன் இதழ்களின் முனைகளை அரித்துவிடும். சற்றுப் பெரிய சிறுகல் ஒன்று போதும், இதழ் ஒடிந்து அச்சின் சமநிலை குலைந்துவிடும். இதழ்களைத் தாண்டிச் செல்லும் நுண்துகள்கள் உருளைச் சுவரையும் ஆடுதண்டு வளையங்களையும் தேய்க்கின்றன. வடிகட்டிகளின் திறனையும் தடையையும் அளக்க ஐ.எசு.ஓ 5011 என்னும் பன்னாட்டுச் சோதனை முறை பயன்படுகிறது.

வடிகட்டியின் வடிவம்

தொழிற்சாலையில் பொருத்தப்படும் வடிகட்டி பெரும்பாலும் மடிப்புத் தாளாலான தட்டையான பலகை வடிவினது. மடிப்புகளால் தாளின் பரப்பு பெட்டியின் பரப்பைப்போல் பல மடங்காகிறது. பெட்டியுடன் இணைந்த வெற்றறை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வறையாகச் செயற்பட்டு உள்ளிழுப்பு ஓசையைத் தணிக்கிறது. பெட்டிக்கு இடமில்லாதபோது கூம்பு வடிவ வடிகட்டி குழாயின் முனையில் நேரடியாகப் பொருத்தப்படும். இதன் அடிவிளிம்பு மணியின் வாய்போல் வளைந்திருந்தால் காற்று சுழிப்பின்றி நுழையும்.

கூம்பு வடிகட்டியை வாங்குவோர் அதன் கழுத்தின் விட்டத்தையே பார்ப்பது வழக்கம். உண்மையில் முதன்மையானது மடிப்புகளின் மொத்தப் பரப்பே. பரப்பு குறைந்தால் தொடக்கத்தில் தடை தெரியாவிடினும், சில ஆயிரம் கிலோமீட்டரில் புழுதி படிந்து அடைபடும். ஆகவே இடம் குறுகலாயின், விட்டத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுவது, அல்லது நீள்வட்டக் குறுக்குவெட்டுடைய வடிகட்டியைத் தேர்வது பரப்பைக் காக்கும் வழிகளாகும்.

குறுகிய இடத்தில் பொருத்துதல்

முதலில் இடத்தைத் தேட வேண்டும். முகப்பு விளக்கின் பின்புறம், மின்கலத்தை இடம்பெயர்த்தபின் கிடைக்கும் மூலை, முன்சக்கர வளைவின் உட்புறம் ஆகியவை வழக்கமான இடங்கள். இவற்றுள் சக்கர வளைவின் உட்புறம் குளிர்ந்த காற்றைத் தரும். ஆனால் சேறும் நீரும் அங்கேதான் தெறிக்கும். தேங்கிய வெள்ளத்தில் ஓட்டும்போது தாழ்வான வடிகட்டி நீரில் மூழ்கினால், நீர் உருளைக்குள் சென்றுவிடும். நீர் அமுங்காது என்பதால் ஆடுதண்டை இணைக்கும் தண்டு வளையும் அல்லது முறியும். மழை மிகுந்த நாடுகளில் இந்த இடத்தைத் தவிர்ப்பதே நலம்.

வெப்பம் அடுத்த இடர். பெட்ரோல் பொறியின் புகை, மிகையூட்டியின் சுழலிப் பகுதியை 900 பாகை செல்சியசுக்கு மேலும் சூடாக்க வல்லது. அதன் அருகில் திறந்த கூம்பு வடிகட்டியை வைத்தால் அது பொறியறையின் சூடான காற்றையே இழுக்கும். 20 பாகை வெப்பநிலைக் காற்றுக்கு மாற்றாக 60 பாகைக் காற்று உட்சென்றால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். வடிகட்டியை மாற்றிக் கிடைத்த ஆதாயம் இதில் கரைந்துபோகும். எனவே தகட்டால் தடுப்புச்சுவர் அமைத்து, அதன் விளிம்பில் இரப்பர்ப் பட்டை ஒட்டி, முகப்பிலிருந்து தனிக்குழாய் வழியே குளிர்காற்றைக் கொணர்வது தேவையாகிறது. கூம்பு வடிகட்டி எழுப்பும் உரத்த ஓசையை ஆற்றல் கூடியதன் அடையாளமாகக் கொள்வது பிழையாகும். ஓசை கூடியதற்கு ஒத்ததிர்வறை நீங்கியதே காரணம்.

வடிகட்டிக்கும் அமுக்கிக்கும் இடையிலுள்ள குழாயில் நிலவுவது உறிஞ்சழுத்தம். வலுவூட்டப்படாத மெல்லிய இரப்பர்க் குழாய் முழு வேகத்தில் உட்குழிந்து ஒட்டிக்கொள்ளும். பொறியை நிறுத்தியதும் பழைய வடிவத்துக்கு மீண்டுவிடுவதால் பழுதைக் கண்டுபிடிப்பது கடினம். உலோகக் குழாயோ கம்பிச்சுருள் பதித்த சிலிக்கோன் குழாயோ ஏற்றது. பொறி தன் இரப்பர்த் தாங்கிகளின் மேல் அசைவதால், முழுவதும் விறைப்பான குழாய் இணைப்பில் விரிசல் கண்டுவிடும். ஓரிடத்திலேனும் நெகிழ் இணைப்பு இருக்க வேண்டும். விரிசல் வழியே நுழையும் காற்று வடிகட்டப்படாதது என்பதை மறக்கலாகாது. சுபாரு இம்ப்ரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ் வண்டியின் ஈ.ஜே வகைப் பொறியில் இக்குழாய் உள்ளிழு கிளைக்குழாயின் அடியில் வளைந்து பின்புறத்திலுள்ள மிகையூட்டியை அடைகிறது. அதை மாற்றுவதற்குக் கிளைக்குழாயையே தளர்த்தித் தூக்க வேண்டியிருப்பதால், சிறு விரிசலும் பெருவேலையாக முடிகிறது.

குழாயின் விட்டமும் கருதத்தக்கது. மேற்கூறிய 7000 லிட்டர் காற்று 60 மி.மீ. உள்விட்டக் குழாயில் நொடிக்கு ஏறத்தாழ 41 மீட்டர் வேகத்தில் பாயும், 76 மி.மீ. குழாயில் 26 மீட்டர் மட்டுமே. வளைவுகளில் ஏற்படும் அழுத்த இழப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், சிறிய குழாயில் இழப்பு இரண்டரை மடங்காகும். அமுக்கியின் வாயை ஒட்டிக் கூரான வளைவு அமையாதிருப்பது நன்று.

காற்று அளவி

பல டர்போ பொறிகளில் வடிகட்டியை அடுத்து, சூடான கம்பி அல்லது படலத்தைக் கொண்ட காற்று நிறை உணரி அமைந்துள்ளது. கம்பியைக் குளிர்விக்கும் காற்றின் வேகத்திலிருந்து காற்றின் நிறையை மின்னணுக் கட்டுப்பாட்டகம் கணித்து, அதற்கேற்ப எரிபொருளைச் செலுத்துகிறது. இந்த உணரி குறிப்பிட்ட விட்டமுள்ள குழாய்க்கென அளவு திருத்தப்பட்டது. 70 மி.மீ. குழாய்க்குரிய உணரியை 76 மி.மீ. குழாயில் செருகினால் பரப்பு 18 விழுக்காடு கூடி, வேகம் குறைந்து, உணரி காற்றைக் குறைத்துக் காட்டும். எரிபொருள் குறைந்த கலவை மிகையழுத்தத்தின்போது தட்டொலியுடன் வெடித்தெரிந்து ஆடுதண்டைச் சிதைக்க வல்லது. வடிகட்டியை மட்டுமே மாற்றியதாக நினைப்பவர் பொறியை இழப்பது பெரும்பாலும் இவ்வழியில்தான். உணரிக்கு முன்னால் சிறிது தொலைவு நேரான குழாயும் இருக்க வேண்டும்.

எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டிகளைக் கழுவியபின் அளவுக்கு மீறி எண்ணெய் இட்டால், அது கம்பியில் படிந்து அளவீட்டைக் கெடுக்கும். தட்டிதழ் மூடும்போது மிகையழுத்தத்தை விடுவிக்கும் தடுக்கிதழின் குழாய், உணரிக்கும் அமுக்கிக்கும் இடையில் திரும்பி இணைய வேண்டும். அளவிடப்பட்ட அந்தக் காற்றை வெளியே விட்டால், அதற்கெனச் செலுத்திய எரிபொருள் மிகுந்து பொறி தடுமாறும். வளைவச்சறையின் மூச்சுக்குழாயும் இதே பகுதியில்தான் இணைகிறது.

சோதனையும் பராமரிப்பும்

பொருத்தியபின் வடிகட்டிக்கும் அமுக்கிக்கும் இடையில் சிறு துளையிட்டு, நீர் நிரப்பிய வளைகுழாய் அழுத்தமானியை இணைத்து, முழுச் சுமையில் அளப்பது எளிய சோதனை. 10 செ.மீ. நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 1 கிலோபாசுக்கலுக்குச் சமம். சோதனை முடிந்ததும் துளையைக் காற்றுப் புகாதவாறு அடைக்க வேண்டும். பெரிய டீசல் வாகனங்களில் இத்தடையை எப்போதும் காட்டும் சிறு கருவி வடிகட்டிப் பெட்டியிலேயே இருப்பதுண்டு.

புதிய தாள் வடிகட்டியைவிடச் சற்றுப் புழுதி படிந்த வடிகட்டி நுண்துகள்களை நன்றாகப் பிடிக்கும். படிந்த புழுதியே வடிகட்டும் அடுக்காகிறது. எனவே அடிக்கடி கழற்றி அமுக்கக் காற்றால் ஊதுவது தேவையற்றது. தாள் கிழியவும், அடைப்பு விளிம்பு பிறழவும் அது வழிவகுக்கும்.

உள்ளிழுப்பு அமைப்பை மாற்றுவதைச் சில நாடுகளின் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பைப் பாதிக்கக்கூடிய இத்தகைய மாற்றுப் பாகங்களுக்குக் காற்று வளங்கள் வாரியத்தின் விலக்கு ஆணை எண் இருந்தால் மட்டுமே பொதுச்சாலையில் பயன்படுத்தலாம்.